நம்மாழ்வார் படத்துக்குக் கீழே ஒரு விலைப்பட்டியல்

போன மாசி மாதம் மஞ்சள் வேகவைத்து முடித்த கையோடு, என் மகன் ஒரு நோட்டைக் கொண்டுவந்து எதிரில் வைத்தான். பொறியியல் படித்துவிட்டு, கோவையில் மூன்று வருசம் வேலை பார்த்து, பண்ணையம் பார்க்கிறேன் என்று அந்தியூருக்குத் திரும்பி வந்தவன். இரண்டு ஏக்கரை அவன் பொறுப்பிலேயே விட்டிருந்தேன். முழுக்க இயற்கை முறைதான் என்று சொல்லித்தான் தொடங்கினான். நோட்டில் கூட்டல் போட்டிருந்தான். பாட்டில், கேன், மூட்டை என்று வெளியிலிருந்து வாங்கிய இடுபொருளுக்கு மட்டும் ரூ.38,400. அதில்லாமல், வார இறுதிப் பயிற்சிக்குக் கட்டிய கட்டணம் தனி.

"அப்பா, உரக்கடையில பாக்கி வெச்சதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? கடைதான் மாறியிருக்குது" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பயிற்சிக்கு அவனை அனுப்பியதே நான்தான். மேடைக்குப் பின்னால் நம்மாழ்வார் அய்யாவின் பெரிய படம். பச்சைத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி. படத்துக்குக் கீழே மேசை போட்டு, வரிசையாகப் பாட்டில்கள், பக்கத்தில் விலைப்பட்டியல். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவில்லை. நோட்டைப் பார்த்த பிறகுதான் உறுத்தியது.

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு கூட்டத்துக்கு வருகிறார் என்றார்கள். அன்றைக்கு மஞ்சள் கொப்பரை அடுப்பில் இருந்தது. அடுத்த முறை பார்த்துக்கலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த முறை வரவேயில்லை. அந்தக் குறை மனதில் கிடந்ததால், மகனிடம் சொன்னேன்: "வேலைக்குத் திரும்பிப் போறதுன்னா போ சாமி. அதுக்கு முந்தி ரெண்டு நாள் எங்கூட வா. அந்த மனுசன் எங்க பொறந்தாரு, எங்க செத்தாருன்னு பார்த்துட்டு வரலாம்."

போய் வந்ததிலும், அவரைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டதிலும் எனக்குப் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது அஞ்சலிக் கட்டுரை இல்லை. நம் இயக்கத்துக்குள் நாம் பேசிக்கொள்ள வேண்டிய ஒரு கணக்கு.

அவர் வேலையை விட்டது எதற்காக?

நம்மாழ்வார் 1938 ஏப்ரல் 6-இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தார். காவிரி பாயும் ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை இளநிலைப் பட்டம். 1963-இல் கோவில்பட்டி வட்டார ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை. 1969-இல் அந்த வேலையை விட்டார்.

இந்த இடத்தில்தான் நாம் எல்லோரும் ஒரு தவறு செய்கிறோம். ரசாயனம் விஷம், மண் செத்துப்போகும் என்று கண்டுபிடித்து அதனால் வேலையை விட்டார் என்று மேடையில் சொல்கிறோம். நானும் நாலு பேரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உண்மை அதைவிடச் சாதாரணமானது, அதைவிடக் கூர்மையானது.

கோவில்பட்டி கரிசல் காடு. மானாவாரி. மழை பெய்தால்தான் விளைச்சல். அந்த மண்ணை நம்பியிருக்கிற ஏழைச் சம்சாரிக்காக நடத்தப்பட வேண்டிய ஆராய்ச்சி, விலை கொடுத்து வாங்கும் விதை, உரம், மருந்து என்று போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு செலவு செய்ய முடியாத சம்சாரிக்கு இந்த முடிவுகளால் என்ன பயன் என்பதுதான் அவருடைய கேள்வி. ஆராய்ச்சியின் போக்கை மாற்றச் சொன்னார். மாற்றவில்லை. வெளியே வந்தார்.

ஆக, அவருடைய முதல் சண்டை விஷத்தோடு இல்லை. செலவோடு. நோட்டில் எழுதுகிற வரவு செலவோடு. மண், நுண்ணுயிர், நஞ்சில்லா உணவு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இதை என் மகனிடம் சொன்னபோது, "அப்ப அவரும் என்னை மாதிரி நோட்டைப் பார்த்துத்தான் ஆரம்பிச்சிருக்காருங்களா" என்றான். ஆமாம் என்றேன். வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அவன் சிரித்தது அப்போதுதான்.

வளமான மண்ணை விட்டு வறண்ட மண்ணுக்கு

வேலையை விட்ட பிறகு, களக்காட்டில் 'அமைதித் தீவு' என்ற அமைப்பின் திட்டத்தில் பத்தாண்டுகள் அளவில் வேலை செய்தார். பெல்ஜியப் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய அமைப்பு அது. 1958-இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர். ஊரில் உட்கார்ந்து ஜனங்களோடு பேசி, அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிற பழக்கத்தை அந்த வருசங்கள் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். பிறகு புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் கொழுஞ்சிப் பண்ணை. கடைசியாகக் கரூர் மாவட்டம் கடவூர் அருகே சுருமான்பட்டியில் வானகம்.

நாங்கள் முதலில் போனது வானகம்தான். ஈரோடு, கரூர் தாண்டிப் போகப் போக மண்ணின் நிறம் மாறுகிறது. சுற்றிலும் மலை, நடுவில் வறண்ட பூமி. நம்ம அந்தியூர்ப் பக்கத்துக் கிணற்றுப் பாசனத் தோட்டத்தைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு, இங்கே எவனாவது காசு போட்டு நிலம் வாங்குவானா என்றுதான் முதலில் தோன்றும். அங்கேதான் மழைத்தண்ணீரை நிறுத்தி, மரம் வளர்த்து, ஆள்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவரை அடக்கம் செய்திருப்பதும் அங்கேதான்.

மறுநாள் இளங்காட்டுப் பக்கம் போனோம். அங்கே நெல் வயல்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தன் முறை ஜெயிக்கும் என்று காட்ட நினைத்திருந்தால், இந்த வண்டல் மண்ணில் பத்து ஏக்கர் எடுத்திருந்தால் போதுமே! எது போட்டாலும் விளையும். பேரும் வாங்கியிருக்கலாம். ஆனால் கரிசல், ஒடுகம்பட்டி, சுருமான்பட்டி என்று போன இடமெல்லாம் தண்ணீர் இல்லாத இடம். யாருக்குக் கஷ்டமோ அவன் நிலத்தில் செய்துகாட்டினால்தான் அது வழி. வசதி உள்ளவன் நிலத்தில் செய்துகாட்டினால் அது விளம்பரம்.

2004 சுனாமியிலும் இதைத்தான் பார்க்கிறோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடல் ஏறி, வயல் எல்லாம் உப்பாகிப் போனது. இனி வருசக்கணக்கில் ஒன்றும் விளையாது என்று கைவிட்டிருந்த நிலத்துக்குப் போய், உழவர்களோடு சேர்ந்து தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழுது, மண்ணைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அதற்கு வேண்டியது விதை, மழைத்தண்ணீர், உழைப்பு. வெளியிலிருந்து பாட்டில் எதுவும் வரவில்லை.

அவர் கொடுத்தது எல்லாம் வீட்டில் செய்வது

அவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

பலதானிய விதைப்பு: தானியம், பயறு, எண்ணெய் வித்து, வாசனைப் பயிர், பசுந்தாள் என்று வகைக்கு நாலாக ஏக்கருக்கு இருபது, இருபத்தைந்து கிலோ கலந்து விதைத்து, ஐம்பது அறுபது நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுவது. இது மராட்டியத்தில் தபோல்கர் செய்துகாட்டியது. நம்மாழ்வார் அதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனார்.

அமிர்தக் கரைசல்: 200 லிட்டர் தண்ணீர், பத்து கிலோ சாணி, பத்து லிட்டர் மாட்டுக் கோமியம், ஒரு கிலோ வெல்லம். ஒரு நாளில் தயார். கடையில் வாங்குவது வெல்லம் மட்டும்.

பஞ்சகவ்யத்தைப் பயிருக்குக் கொண்டுவந்தவர் நம்ம மாவட்டத்துக்காரர், கொடுமுடி மருத்துவர் நடராசன். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்று அளவோடு ஊருக்கே சொல்லிக்கொடுத்தார். அது இன்றைக்கு லேபிள் ஒட்டிய பாட்டிலில் நம்மிடமே திரும்பி வருகிறது.

அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு என்ற பழமொழியையும் அவர் விடாமல் சொல்லிவந்தார். அது எங்கள் அப்பாரு காலத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடந்தது. அப்பாருக்குக் கொடிக்கால் இருந்தது. அகத்தி நட்டு அதில் வெற்றிலைக்கொடி ஏற்றுவார். அகத்தித் தழை ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை கொடிக்காலுக்கு, வெற்றிலை அந்தியூர்ச் சந்தைக்கு. அவர் நோட்டே வைத்ததில்லை. வைக்கிற அளவுக்கு வெளியில் செலவு இல்லை. உரக்கடைக் கணக்கு என் அப்பா காலத்தில் வந்தது. அப்பா இறந்தபோது அந்தப் பாக்கியை அடைக்க நான் கொடிக்காலை அழித்து, ஒரு ஏக்கரை விற்றேன். இப்போது என் மகன் நோட்டில் அதே கூட்டல், வேறு பெயரில்.

சொல்லிக்கொடுக்க யாருக்கு உரிமை?

2009-இல் தமிழ்நாட்டில் வேளாண்மைப் பேரவைச் சட்டம் ஒன்று வந்தது பலருக்கு நினைவிருக்கும். வேளாண் பட்டம் பெற்றுப் பேரவையில் பதிவு செய்தவர்கள்தான் உழவருக்கு ஆலோசனை சொல்லலாம், மீறினால் தண்டனை என்றது அது. நம்மாழ்வார் கையில் பட்டம் இருந்தது. அவருக்கு நேராக ஒரு நட்டமும் இல்லை. ஆனாலும் எதிர்த்தவர்களில் அவர் முன்னால் நின்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரன் வரப்பில் நின்று சொல்கிற யோசனையைக் குற்றம் என்று ஆக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். எதிர்ப்புக்குப் பிறகு அந்தச் சட்டம் கைவிடப்பட்டது.

இப்போது நாம் என்ன செய்கிறோம்? சட்டம் போட்டு அரசு பூட்ட நினைத்த கதவை, கட்டணம் போட்டு நாமே பூட்டுகிறோம். ஐயாயிரம் கட்டினால்தான் கரைசல் அளவு சொல்வேன் என்றால், அதுவும் ஒரு பேரவைச் சட்டம்தானே!

இதற்கு எதிர்ப்பேச்சு உண்டு. எனக்கும் தெரியும். மாடு இல்லாதவன் என்ன செய்வான்? கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில் யார் சாணி கரைப்பது? பயிற்சி கொடுப்பவருக்கும் சோறு வேண்டாமா? எல்லாம் நியாயமான கேள்விதான். விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல கரைசல் செய்து பக்கத்து ஊருக்கு விற்கிற பெண்கள் குழுக்களை எனக்குத் தெரியும். காசு ஊருக்குள்ளேயே சுற்றுகிறது, அது வேறு. நான் சொல்வது இதுதான்: முதல் வருசம் வாங்கலாம், இரண்டாம் வருசம் குறையணும், மூன்றாம் வருசம் கை ஊன்றி எழணும். மூன்றாவது வருசமும் அதே பில் வந்தால், நாம் முறையை மாற்றவில்லை, கடையை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

இன்னொன்று, அவசரம். இலங்கையில் 2021-இல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். எருவுக்கு ஏற்பாடு இல்லை, உழவனைக் கேட்கவில்லை. நெல் விளைச்சல் விழுந்தது, அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது, அந்த வருசம் நவம்பரிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். இன்றைக்கும் இயற்கை விவசாயம் என்றாலே நம்மைப் பார்த்து இலங்கையைக் காட்டுகிறார்கள். அந்தத் தோல்வி மேலேயிருந்து வந்த உத்தரவின் தோல்வி. ஆனால் நாமும் புதிதாக வருகிற இளைஞனிடம், முதல் வருசமே லாபம் என்று மேடையில் சொல்லி அதே தவறைச் சின்ன அளவில் செய்கிறோம். மண் தேற நாளாகும். அந்த நாள்களுக்கு வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் ஒருவனை இதில் இறக்குவது பாவம்.

அத்திவெட்டி

2013 கடைசியில் காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். நிலக்கரிப் படுகைக்குள் இருக்கிற வாயுவை எடுக்க, முதலில் அங்கிருக்கிற தண்ணீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். அப்படி இறைத்தால் டெல்டாவின் நிலத்தடி நீர் என்னாகும் என்பதுதான் பேச்சு. வயது 75. அந்தப் பயணத்தில் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் தங்கியிருந்தபோது, டிசம்பர் 30-ஆம் தேதி உயிர் பிரிந்தது. தெரிந்தவர் வீட்டில், பாதி வேலையில்.

அத்திவெட்டிக்கு நாங்கள் போனபோது பொழுது இறங்கிவிட்டது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிற ரோடு. டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டோம். "அய்யா இங்கதான் தம்பி போனாரு" என்று சொல்லிவிட்டு, நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். அந்தியூர் என்றதும், "அம்புட்டுத் தூரத்திலேருந்தா? அங்க மஞ்சள் என்ன விலை போகுது?" என்றார். ஊருக்கு ஊர் உழவன் கேள்வி ஒன்றுதான்.

அவர் போன பிறகு, 2015-இல் மீத்தேன் திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. 2023-இல் மாநிலத்துக்கு இயற்கை வேளாண்மைக் கொள்கை வந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஆராய்ச்சி மையம், சிறந்த இயற்கை உழவருக்கு அவர் பெயரில் அரசு விருது. இதெல்லாம் நல்லதுதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோவில்பட்டியில் அவர் கேட்ட கேள்வி, அவர் பெயர் வைத்த மையத்துக்கும் பொருந்தும்: இந்த ஆராய்ச்சியின் முடிவை ஒன்றரை ஏக்கர் மானாவாரிக்காரன் கடன் வாங்காமல் செய்ய முடியுமா?

நம்ம ஊரில்

அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. செவலையில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாடு நம்ம அடையாளம். காட்டில் மேய்ந்து, பட்டியில் அடைந்து, அதன் எரு கீழே மஞ்சள் தோட்டத்துக்கு வந்து சேரும். அது பாட்டிலில் வராத இடுபொருள். இன்றைக்குக் காட்டில் மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு. 2024-இல் அந்தியூர், கோபி வட்டக் காடுகளில் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். காடும் வேண்டும், புலியும் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேய்ச்சல் நின்றால் பட்டி போகும், பட்டி போனால் மாடு போகும், மாடு போனால் நாம் இயற்கை விவசாயம் என்று எதைப் பேசுவது? நம்மாழ்வார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவர் வாயில் வார்த்தை போட எனக்கு உரிமையில்லை. அவர் நடந்தே மலைக்கு ஏறிப்போய் அந்தப் பட்டிக்காரர்களிடம் கேட்டிருப்பார் என்று மட்டும் நம்புகிறேன். நம்ம கூட்டங்களில் இதுவரை எத்தனை பேர் மேலே போய்க் கேட்டிருக்கிறோம்?

வருகிற டிசம்பர் 30-க்கு ஒரு யோசனை சொல்கிறேன். படத்துக்கு மாலை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மாலையோடு அவரவர் நோட்டையும் கொண்டுவாருங்கள். இந்த வருசம் வெளியிலிருந்து வாங்கியது எவ்வளவு, போன வருசம் எவ்வளவு என்று எழுந்து நின்று வாசிப்போம். நட்டத்தையும் மறைக்காமல் வாசிப்போம். புதிதாக வருகிற பிள்ளைகள் அதைக் கேட்கட்டும். கரைசல் அளவு, விதை, அனுபவம் எதற்கும் அன்றைக்குக் கட்டணம் கிடையாது. விலைப்பட்டியல் இருக்கிற மேசையைப் படத்துக்குக் கீழேயிருந்து வாசல் பக்கம் தள்ளிப் போடுவோம். வேண்டியவர்கள் அங்கே வாங்கிக்கொள்ளட்டும்.

என் மகன் கோவைக்குப் போகவில்லை. போகமாட்டான் என்றும் சொல்ல முடியாது. ஒரு வருசம் பார்க்கிறேன் என்றிருக்கிறான். கோடை மழைக்கு ஒரு ஏக்கரில் மட்டும் பலதானியம் விதைத்தான். விதைக்குச் செலவானது போக மீதி எல்லாம் அவன் உழைப்பு. பூவெடுக்கிற சமயத்தில் மடக்கி உழுதபோது, பக்கத்துத் தோட்டத்து மாமன் வரப்பில் நின்று, "நல்லா வந்த பயிரை ஏன் தம்பி அழிக்கிற?" என்று கேட்டார். அவன் வேலையை நிறுத்திவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அவருக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆடித் தேர்த் திருவிழாவில் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்குப் போய், ஒரு பர்கூர் கிடாரியும் பிடித்து வந்துவிட்டான்.

நோட்டில் இந்த வருசக் கணக்கு இதுவரை ரூ.6,150. கிடாரி விலையைத் தனிப் பக்கத்தில் எழுதியிருக்கிறான். அது செலவில் சேருமா, சேராதா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.